வந்த மரமும் நின்ற மண்ணும்

எம் மகள் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, பள்ளியில் அவளுக்கு ஒரு பணி தந்தனர். குடியிருக்கும் தெருவில் காணப்படும் மரஞ்செடி கொடிகளைக் கணக்கெடுக்க வேண்டும்; ஏட்டின் நடுவே ஒரு கோடிட்டு, இம்மண்ணுக்கே உரியவற்றை இடப்பக்கத்திலும் அயலிலிருந்து வந்தவற்றை வலப்பக்கத்திலும் எழுத வேண்டும். மண்டி மொஹல்லாவின் நெருக்கமான சந்துகளில் எழுதுவதற்கு என்ன இருக்கப்போகிறது என்று எண்ணியவாறே ஒரு ஞாயிறு காலை அவளுடன் நடந்தோம். எண்ணம் தவறாயிற்று. சாக்கடை ஓரத்துப் புங்கு, கோயில் வாயிலில் வேம்பு, சுவரைப் பிளந்துகொண்டு எழுந்த அரசங்கன்று, புளி, தூங்குமூஞ்சி, குல்மோகர், கொல்லைப்புறங்களில் பப்பாளியும் கொய்யாவும், பழைய தகர டப்பாக்களில் துளசியும் மிளகாயும், ஆளில்லாத மனையில் இடுப்பளவு மண்டிக் கிடந்த பார்த்தீனியம்! (மண்டி என்பது வணிகம் நடக்கும் இடத்துக்கும் பெயர், அடர்ந்து வளர்வதற்கும் சொல். எங்கள் தெருவுக்கு இரண்டும் பொருந்தும்.)

அன்றிரவு நூல்களைப் புரட்டி இரண்டு பக்கமும் எழுதினாள். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து வந்தது; குல்மோகர் மடகாஸ்கர் தீவினது; பப்பாளி, கொய்யா, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்தன; புளியோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வலப்பக்கம் நிறைந்து தாள் போதாமற் போயிற்று. இடப்பக்கத்தில் நான்கைந்து பெயர்களே நின்றன. அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நம்மள எந்தப் பக்கம் எழுதறது?" என்று கேட்டாள்.

அவள் மைசூரில் பிறந்தவள். யாமும் மைசூரில் பிறந்தோம். எம் தந்தையார்தாம் சேலத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து 1970களில் இங்கு வந்து, தானிய மண்டி ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். அக்கேள்விக்கு அன்று விடை சொல்லாமல் நகைத்து ஒதுக்கினோம். ஆயினும் அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் வேளையிலும் அது வந்து வந்து எதிரே நின்றது. குழந்தை கேட்டது செடியைப் பற்றிய கேள்விதான். அதனுள் கிடப்பது அறத்தைப் பற்றிய கேள்வி. ஓர் உயிரை உருவாக்குவது அது பிறந்த நிலமும் வானிலையும் எனில், வேறொரு நிலத்துக்கு வந்த உயிருக்கு அங்கே என்ன உரிமை? உரிமை உண்டெனில், அதற்கு ஈடாக அது செலுத்தவேண்டிய கடன் யாது? இம்மலரைக் கையில் ஏந்தும் குடும்பங்களில் பெரும்பாலானவை எம் குடும்பத்தைப் போன்றவையே ஆதலின், இக்கேள்வியைப் பொதுவில் வைத்து ஆராய்வது தகும்.

முதலில், நிலமும் வானிலையும் உயிரை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைக் காண்போம். சூழலியல் எனத் தமிழில் வழங்கும் கல்விக்கு 1866ஆம் ஆண்டு மேலைநாட்டுப் பெயரைச் சூட்டியவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் செருமானிய அறிஞர். வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் ஆக்கினார். வீடு யாருக்குச் சொந்தம் என்று பத்திரம் பார்ப்பது அக்கல்வியின் வேலையன்று. வீட்டில் இருப்போர் ஒருவரை ஒருவர் சார்ந்து எவ்வாறு பிழைக்கின்றனர் என்று பார்ப்பதே அதன் வேலை. கதிரவன் ஒளியை இலை உணவாக்குகிறது. இலையைப் புழு தின்கிறது. புழுவைப் பறவை தின்கிறது. பறவை மடிந்தால் நுண்ணுயிர்கள் அதனை மண்ணாக்கி மீண்டும் வேருக்கே ஊட்டுகின்றன. இவ்வுயிர்களையும் அவற்றுக்கு இடமான மண், நீர், காற்று ஆகியவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கொள்ளவேண்டும் என்று ஆர்தர் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் 1935இல் எழுதினார். இன்னுமொரு கருத்து நமக்குப் பின்னர்ப் பயன்படும். ஒரு பயிருக்கு வேண்டிய பொருள்களுள் எது மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ, அதுவே அப்பயிரின் வளர்ச்சிக்கு எல்லை கட்டும். பலகைகள் சேர்த்துச் செய்த தொட்டியில் மிகக் குட்டையான பலகையின் உயரத்துக்கு மேல் நீர் நிற்காதன்றோ? அதுபோல்வது இது. லீபிக் என்னும் வேதியியலார் 1840களில் இதனைப் பரப்பினார்.

இவற்றைப் படிக்கும்போது தமிழ் பயின்றோர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமற் போகாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவ்விரண்டிலிருந்து கருக்கொள்ளும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். அந்நிலத்துக்குரிய அன்பின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று வகுத்தது அந்நூல். பொழுதிலும் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டு கண்டது. ஆண்டின் பருவத்தையும் நாளின் வேளையையும் நிலத்தோடு ஒருசேர முதல் என்று வைத்து, மரத்தையும் புள்ளையும் அதன் வழித்தோன்றலாக வைத்ததில் இலக்கண நுட்பம் மட்டுமன்றி, கண்ணால் கண்டு தேர்ந்த அறிவும் இருக்கிறது. இதனைச் சொல்லி 'எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தது' என்று மார்தட்டுவது எம் கருத்தன்று. அத்தகைய கட்டுரைகள் மலர்தோறும் வருகின்றன. அவர்கள் செய்யுள் யாப்பதற்குக் கண்டனர். மழைமானி கொண்டு அளக்கவில்லை. ஆயினும் அளந்தவர்களும் இறுதியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தனர். உருசியாவில் பிறந்த கோப்பென் என்னும் வானிலை அறிஞர் 1884 முதல் உலகின் தட்பவெப்ப மண்டலங்களை வகுக்க முற்பட்டபோது, எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்னும் ஐயத்துக்குத் தாவரங்களையே சான்றாகக் கொண்டார். ஆண்டின் வெப்பமிகுந்த மாதத்தின் சராசரி 10 பாகை செல்சியசையும் எட்டாத இடத்தில் மரங்கள் நிலைப்பதில்லை. எனவே அங்கே ஓர் எல்லை. பல்லாண்டு வானிலையின் கூட்டுத்தொகையை ஒரு மரம் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

எம் தந்தையார் இதனை வேறொரு வழியில் அறிந்திருந்தார். மண்டிக்கு மூட்டைகள் வந்து இறங்கும் நேரத்தில் அவர் எம்மை அருகில் நிறுத்திக்கொண்டு, இது ஈரோட்டு மஞ்சள், இது குடகு மிளகு, இது பேடகி மிளகாய், இது திப்டூர்க் கொப்பரை என்று சொல்லிச் செல்வார். குடகில் ஏன் மிளகு, பேடகியில் ஏன் மிளகாய் என்று கேட்டால், "அங்கே பெய்யற மழை அப்படி" என்பார். பி.ஏ. பட்டத்துக்குப் புவியியலும் ஒரு பாடமாகப் படித்த யாம் அதனினும் சுருக்கமாக இன்றுவரை சொல்லக் கற்றிலோம்.

மழை அப்படி என்பதன் பொருளை இங்கிருந்து உதகைக்குப் பேருந்தில் செல்வோர் சாளரத்தின் வழியே காணலாம். கோவைக்கும் திருப்பூருக்கும் உறவினரைப் பார்க்கச் செல்லும் நம்மவர் பலர் அவ்வழியே உறங்கிக்கொண்டு செல்கின்றனர். மைசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத்தொடர்ச்சி மலைமீது ஏறுங்கால் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அப்பக்கமே கொட்டிவிடுகிறது. அதனால் மேற்கே 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மடிக்கேரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, மலைமறைவில் உள்ள மைசூருக்கு 800 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. ஆற்றுநீர் எட்டாத இடங்களில் எல்லாம் நஞ்சன்கூடு தாண்டியும் குண்டலுப்பேட்டை தாண்டியும் நாம் காண்பது புன்செய். பந்திப்பூரில் காடு தொடங்குகிறது. அங்குள்ள தேக்கும் கருமருதும் வெக்காலியும் மாசி, பங்குனியில் மொட்டையாய் நிற்கும். பட்டுப்போயின என்று அறியாதார் இரங்குவர். இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருத்தலின், மண்ணில் நீர் வற்றுங்காலத்தில் இலையை வைத்திருப்பது மரத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு. வரவு குறைந்தபோது செலவைத் துறக்கிறது. முதல் மழைக்கு மீண்டும் தளிர்க்கிறது.

மாநில எல்லையைக் கடந்து தெப்பக்காட்டில் இடப்பக்கம் திரும்பி மசினகுடி நோக்கிச் சென்றால் காடு கண்ணெதிரே குள்ளமாகிறது. முதுமலையின் மேற்கு எல்லையில் பெய்யும் மழையில் பாதிகூடக் கிழக்கு எல்லையில் பெய்வதில்லை. தொலைவோ இருபது முப்பது கிலோமீட்டர்தான். அகன்ற இலைகள் மறைந்து, வேலும் இலந்தையும் கள்ளியும் முள்ளும் சிற்றிலையுமாக நிற்கின்றன. பின்னர்க் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டையூசி வளைவுகளில் ஏறி 2200 மீட்டர் உயரத்துக்கு வந்தால் உலகமே வேறு. மலைச்சரிவெங்கும் புல், மடிப்புகளில் மட்டும் நெருக்கமாய்ச் சோலைக்காடு. நீர் குறையாத அவ்வுயரத்தில் மரங்கள் ஏன் மடிப்புக்குள் ஒடுங்கி நிற்கின்றன? மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுகிறது. சோலை மரங்களின் கன்றுகள் அப்பனியில் கருகிவிடுகின்றன என்பது ஆராய்ந்தோர் சொல்லும் காரணங்களுள் தலையாயது. மரத்தை அங்கே எல்லைக்குள் நிறுத்தி வைத்திருப்பது ஆண்டின் சில இரவுகளே! குட்டைப் பலகை என்று மேலே கூறியது இதுதான். அரைநாட் பயணத்தில் மருதமும் முல்லையும் குறிஞ்சியும் கண்டுவிடுகிறோம். கோடையில் சென்றால் பாலையும் காணலாம். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதன் உண்மையை, 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காடு நாட்கணக்கில் எரிந்தபின் அவ்வழியே சென்றவர்கள் உணர்ந்திருப்பர்.

இத்துணையும் கண்டபின், மனிதனும் அப்படித்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்டவர்கள் உண்டு. எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1915இல் நாகரிகமும் தட்பவெப்பமும் பற்றி ஒரு நூல் எழுதி, குளிர்மிதமான நாடுகளின் மக்களே ஊக்கமும் அறிவும் உடையர், வெப்பநாட்டார் சோம்பர் என்று வரைபடம் இட்டுக் காட்டினார். தேக்குமரத்துக்குப் பொருந்தும் விதியை மனிதர்மேல் ஏற்றி, ஆள்வோருக்கு வேண்டிய முடிவைப் பெற்றுக்கொண்டார். வானிலை இலையின் அளவை விளக்கும். மனிதனின் குணத்துக்கு அது கணக்குச் சொல்லாது. கேழ்வரகு உண்பதா நெல்லரிசி உண்பதா என்பதை மழை முடிவு செய்யலாம். பசித்து வந்தவனுக்கு அதில் பங்கு தருவதா என்பதை மழை முடிவு செய்வதில்லை. பின்வந்த இலக்கணநூலான நம்பியகப்பொருள் அந்தந்த நிலத்து மக்களையும் கருப்பொருளுக்குள் சேர்த்தது. ஆயினும் புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் ஆகிய உரிப்பொருளை யாரும் மரத்தோடும் பறையோடும் சேர்த்து எண்ணவில்லை. நெஞ்சுக்குத் தனியிடம் வைத்தனர்.

வந்தேறும் உயிருக்கும் தொல்காப்பியர் ஒரு விதி செய்திருக்கிறார். அகத்திணையியலில் உள்ளது. ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறொரு நிலத்தில் வந்து தோன்றினால், வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே அதனைக் கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. செய்யுளுக்குச் சொன்ன விதி, குடியுரிமைச் சட்டமன்று. எனினும் இதனை முதன்முதல் உரையோடு படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மகளின் ஏட்டுக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உண்ணிச்செடி குறுக்கே வந்தது. அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த இச்செடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுக்காக இந்தியத் தோட்டங்களுக்குக் கொணர்ந்தனர். பறவைகள் கனியைத் தின்று விதையைப் பரப்பின. இன்று பந்திப்பூரிலும் முதுமலையிலும் பேருந்திலிருந்து பசுமை என்று நாம் வியக்கும் புதர்களில் பெரும்பங்கு இதுவே. அதன் நிழலில் புல் முளைப்பதில்லை; மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் சுருங்குகிறது; கோடையில் காய்ந்து நெருப்புக்கு விறகாகிறது. நீலகிரிப் புல்வெளியைத் தரிசென்று கருதி ஆங்கிலேயர் நட்ட சீகை மரமும் அவ்வாறே பரந்தது. 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, கன்னடியர் 'காங்கிரஸ் கிட' என்று பெயரிட்ட பார்த்தீனியத்தின் கதையும் அஃதே. வந்த பூ வந்த நிலத்தினதே என்று இவற்றுக்கும் பட்டயம் எழுதித் தரலாமா?

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மைசூர்க்காரரின் உயிருணவு கேழ்வரகு. களியாக உருட்டி உண்ணும் உழவர் அதனினும் தம் மண்ணுக்கு நெருங்கிய பொருள் வேறொன்று உண்டென ஒப்பார். அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பயிரானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தது. குறைந்த மழைக்கு ஈடுகொடுக்கும் இயல்பால் இம்மேட்டுநிலத்தில் தங்கிவிட்டது. புளி சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றுவிட்டது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் வந்த மிளகாய்க்கு நம் மொழி, மிளகின் உறவாகவே பெயர் வைத்து இல்லத்துக்குள் சேர்த்துக்கொண்டது. குடகையும் சிக்கமகளூரையும் சொல்லும்போதே நாவில் ஊறும் காப்பி, எத்தியோப்பியக் காடுகளினது. ஆக, உண்ணிச்செடியும் வந்ததே, கேழ்வரகும் வந்ததே. பிறப்பிடத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த முடியாது. தன் கீழ் மற்றவை வாழ இடம் விடுகிறதா என்பதே வேறுபாடு. இடக்கோடு, வலக்கோடு என்று ஏட்டில் பிரித்தது தாவரவியலுக்குச் சரியாக இருக்கலாம். நாம் தேடும் அறத்தை அக்கோடு தொடவே இல்லை.

இந்நகருக்கே பெயர் தேடித் தந்த சந்தனத்தை எடுத்துக்கொள்வோம். 1916இல் இங்கே சந்தன எண்ணெய் ஆலை நிறுவப்பட்டது. முதல் உலகப்போரால் செருமனிக்கு மரம் அனுப்புவது தடைப்பட்டதே அதற்குத் தூண்டுதல். மணத்தை யாவரும் அறிவர். வேரைச் சிலரே அறிவர். சந்தனம் தனித்து வாழமாட்டாத மரம். இலையால் உணவு சமைத்துக்கொள்ளும். எனினும் நீரையும் உப்புகளையும் அண்டை மரங்களின் வேரில் தன் உறிஞ்சுவேரைப் பதித்துப் பெறும். அண்டைத் துணையின்றி நட்ட கன்று சோர்ந்துவிடும். ஆதலால் நாற்றங்காலில் அதனுடன் துவரையையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்தே வளர்க்கின்றனர். கீரை என்று நாம் கிள்ளி எறியும் பொன்னாங்கண்ணி, அரச மரம் எனப் பெயர்பெற்ற சந்தனத்துக்குச் செவிலியாக இருக்கிறது! அச்சந்தனமே தீமோர்ப் பகுதித் தீவுகளிலிருந்து முற்காலத்தில் இந்நாட்டுக்கு வந்திருக்கலாம் என்று கருதும் தாவரவியலாரும் உளர். அண்டையிலிருந்து எடுத்துக்கொள்வது இழுக்கன்று. எடுக்காமல் எந்த உயிரும் இல்லை. எடுத்துக்கொண்டதை மறப்பதுதான் எமக்கு இழுக்காகத் தோன்றுகிறது. மரத்துக்கு மறதியும் இல்லை, நினைவும் இல்லை. உண்ணிச்செடி குற்றவாளியும் அன்று. அதனைத் தோட்டத்தில் நட்டவன் மனிதன். மலைமாதேசுவர மலைப்பகுதியின் சோலிகர்கள் அதன் கழிகளைக் கொண்டு நாற்காலியும் கூடையும் முடைந்து, பகையிலும் ஒரு பயன் கண்டிருக்கின்றனர். தேர்ந்து நடக்கும் உரிமை மனிதனுக்கே உள்ளது ஆதலின், கடனும் அவனுக்கே உள்ளது.

மனிதரைச் செடியாகப் பேசத் தொடங்கினால் என்ன நேரும் என்பதையும் யாம் கண்டிருக்கிறோம். 1991 சூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மேல் வன்முறை மூண்டது. யாம் அப்போது பதினொரு வயதுச் சிறுவன். பிழைக்க வந்தவர்கள், களை, பிடுங்கி எறியவேண்டும் என்னும் சொற்களைத் தெருவில் கேட்டோம். எங்கள் வீட்டு உரிமையாளரான கன்னட மூதாட்டியை அஜ்ஜி என்றே அழைப்போம். அன்று மாலை அவர் எங்கள் வாயிலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றித் தம் அரிசிப்பானைக்குள் புதைத்தார். எங்கள் கதவை வெளியே பூட்டிவிட்டு, எங்கள் ஐவரையும் தம் அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டார். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் களியும் கீரைச்சாறும் பரிமாறினார். அக்களி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம் என்பதை அவரும் அறியார், யாமும் அறியோம். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். பெயர்ப்பலகை திரும்ப வந்தது. தந்தையார் அதனை மறுபடி மாட்டவில்லை. பரண்மேல் இன்றும் கிடக்கிறது.

அக்கொடுமையைச் சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நம் பக்கத்தையும் சொல்லாவிடில் கட்டுரை நேர்மையாகாது. இந்நகரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் கன்னடப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத நம்மவரை யாம் அறிவோம். காவிரி நீரைக் குடித்துக்கொண்டே, இவ்வூரார்க்கு இசை தெரியாது, இலக்கியம் தெரியாது என்று நம் கூட்டங்களில் நகையாடக் கேட்டிருக்கிறோம். பலமுறை உடன் நகைத்தும் இருக்கிறோம். 2023இல் மழை பொய்த்து மாநிலம் வறட்சியில் வாடியபோது, மண்டியா உழவரின் இடர் நமக்குச் செய்தித்தாளின் ஒரு பக்கமாக மட்டுமே இருந்தது. ஊரிலிருந்து தஞ்சை உறவினர் தொலைபேசியில் பேசினால் மட்டும் காவிரி நம் கவலையாயிற்று. இரு கரையிலும் காய்ந்தது ஒரே ஆற்றின் பயிர்தான். தந்தையார் மண்டியில் சேர்ந்த ஆறே திங்களில் கன்னடத்தில் பேரேடு எழுதக் கற்றார். அதனைப் பிழைப்புக்காகவே கற்றார் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அஜ்ஜியின் இறுதிநாட்களில் அவர் அருகிருந்து கன்னடத்தில் தாசர் பாடல்களைப் படித்துக் காட்டியதைக் கண்டபின் அவ்வெண்ணம் மாறிற்று.

மறுபுறம், வேறொரு பலகை நம் இல்லங்களில் குட்டையாகிக்கொண்டு வருகிறது. எம் மகளுக்குக் கன்னடம் நீராக ஓடுகிறது, ஆங்கிலமும் அவ்வாறே. தமிழைப் பேசுகிறாள், படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகத் தடுக்குகிறாள். பரண்மேல் கிடக்கும் பலகையை எடுத்துக் காட்டியபோது தாத்தாவின் பெயரைப் படிக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. அண்டையின் வேரைப் பற்றிக்கொள்வது கடன் என்றால், தன் இலையால் தன் உணவைச் சமைத்துக்கொள்வதும் கடன்தானே! சந்தனம் இரண்டையும் செய்கிறது. அதன் மணத்துக்கு உரிய வைரம் பாய்வதற்குப் பல்லாண்டுகள் ஆகும். வளமிக்க மண்ணில் விரைந்து கொழுத்த மரத்தைவிடக் கல்லாங்காட்டில் மெல்ல வளர்ந்த மரத்தில்தான் வைரம் மிகுதி என்பர் அறிந்தோர். இங்கே எதனை எதற்கு ஒப்பிடுகிறோம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மக்களைச் செடியாகப் பேசலாகாது என்று சற்றுமுன் சொன்ன நாமே இப்போது அதனைச் செய்கிறோம் என்று யாரேனும் சுட்டினால் ஒப்புக்கொள்கிறோம். உவமையை விட்டால் இப்பொருளைப் பேச எமக்கு வேறு வழி தெரியவில்லை.

இவற்றில் சிலவற்றை மகளுக்கு அவள் வயதுக்கு ஏற்பச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவள், ஏட்டில் ஏற்கெனவே எழுதியதை அழிக்காமல் ஓரத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். மூன்றாவதாகப் பிறந்த அவ்வொடுங்கிய பத்திக்கு, 'வந்து, இங்கேயே காய்த்தவை' என்று கன்னடத்தில் தலைப்பிட்டாள். புளி, மிளகாய், கேழ்வரகு, காப்பி என்று எழுதி, சந்தனத்தை மட்டும் ஐயக்குறியோடு வைத்தாள். பார்த்தீனியத்தை வலப்பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசி வரியில் மிகச் சிறிய எழுத்தில், தமிழில், 'நாங்க' என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை.

ஏடு திரும்பி வந்தபோது, மூன்றாம் பத்தியின்மேல் ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இட்டு, இரண்டு பத்திகளே கேட்கப்பட்டன என்று எழுதியிருந்தார். பத்துக்கு எட்டு மதிப்பெண். குறைந்துபோன அவ்விரண்டு மதிப்பெண்ணுக்காக எம் மகள் இன்றளவும் எம்மோடு வழக்காடிக்கொண்டிருக்கிறாள்.